வவுனியாவில் நின்ற 89ஆம் ஸ்குவாட்ரன்: கியூ ஆவணக் காப்பகத்திலிருந்து பதிவேடு இறக்கிப் படிக்கும் சேவை

வவுனியா விமானத்தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது என்பது வன்னியில் பலருக்குத் தெரியும். அங்கே எந்த ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) நின்றது, என்ன விமானம் வைத்திருந்தது, ஏன் வந்தது, எப்போது போனது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். அந்தக் கதைகளுக்குள் தலையைக் கொடுக்காமல், ஸ்குவாட்ரன் தானே அன்றன்றைக்கு எழுதிவைத்த பதிவேட்டை எடுத்துப் படிக்க வழி இருக்கிறது. லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம், பிரிட்டிஷ் விமானப்படை ஸ்குவாட்ரன்களின் நடவடிக்கைப் பதிவேடுகளைத் தன் இணையத்தளம் வழியாகப் பீடிஎஃப் கோப்புகளாகத் தருகிறது. அந்தச் சேவை வன்னியில் இருந்து தேடும் ஒருவருக்கு எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்பதையே இங்கே பார்க்கிறோம். எடுத்துக்காட்டுக்கு வவுனியாவில் நின்ற இரவுச் சண்டை விமானப் பிரிவான 89ஆம் ஸ்குவாட்ரன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்க வேண்டும். வன்னியில் வளர்ந்தவருக்குப் போர்விமானம் என்றால் கிபிர்தான். அந்தக் கிபிர்களை ஓட்டிய இலங்கை விமானப்படையின் 10ஆம் ஸ்குவாட்ரன் பற்றி இந்தச் சேவையில் ஒரு பக்கமும் கிடையாது. இங்கே கிடைப்பது பிரிட்டிஷ் விமானப்படையின் ஏடுகள் மட்டுமே. பதுங்குகுழிக்குள் இருந்தவர்களின் கேள்விகளுக்கு இதில் பதில் தேடி ஏமாற வேண்டாம்.

பதிவேட்டைத் திறக்குமுன் ஸ்குவாட்ரனின் சுருக்கமான வரலாறு கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த மாதத்தை இறக்குவது என்றே தெரியாது. இரண்டாம் உலகப்போருக்கான 89ஆம் ஸ்குவாட்ரன் 1941 செப்டெம்பர் 25 அன்று இங்கிலாந்தின் கோலர்னில் அமைக்கப்பட்டது. விமானம் போஃபைட்டர்: இரண்டு ஹெர்குலிஸ் எஞ்சின், இரண்டு பேர் கொண்ட அணி, வயிற்றுப் பக்கத்தில் நான்கு 20 மில்லிமீற்றர் பீரங்கி. முன்னால் இருப்பவர் ஓட்டுவார். பின்னால் இருப்பவர் ராடார்த் திரையைப் பார்த்து, இருட்டுக்குள் எதிரி விமானம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்லுவார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்குவாட்ரன் எகிப்துக்குப் போய்விட்டது, பின்னர் மோல்ற்றாவுக்கும் ஒரு பகுதி போனது. கட்டளை அதிகாரியாக இருந்தவர் விங் கொமாண்டர் ஜோர்ஜ் ஸ்ரெயின்போர்த். 1931 செப்டெம்பர் 29 அன்று சூப்பர்மரீன் எஸ்.6பி விமானத்தில் மணிக்கு 407.5 மைல் பறந்து உலக வேகச் சாதனை வைத்தவர் அவர்தான். 1942 செப்டெம்பர் இறுதியில் எகிப்தில் ஓர் இரவு போஃபைட்டரோடு விழுந்து இறந்தார்.

1943 ஒக்ரோபரில் ஸ்குவாட்ரன் இலங்கைக்கு வந்து வவுனியாவைத் தளமாகக் கொண்டது. 1944 ஓகஸ்டில் வங்காளத்தின் பைகாச்சிக்குப் போனது. 1945இல் மொஸ்கிற்றோ விமானங்களுக்கு மாறியது, அதே ஆண்டு செப்டெம்பரில் சிங்கப்பூர், 1946 மே 1 அன்று கலைப்பு. வன்னிக்கு உரியது நடுவில் உள்ள அந்தப் பத்துப் பதினொரு மாதம்.

இனிச் சேவைக்கு வருவோம். ஸ்குவாட்ரன் பதிவேடுகள் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற தொடரில் இருக்கின்றன. நிலையங்களின் பதிவேடுகள் ஏர் 28, சிறு பிரிவுகளுடையவை ஏர் 29, விமானிகள் எழுதிக்கொடுத்த சண்டை அறிக்கைகள் ஏர் 50. இந்த நான்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும். ஏர் 27 பெரும்பாலும் மாதத்துக்கு இரண்டு கோப்பாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளது. ஒன்று 'சமரி ஒஃப் ஈவன்ற்ஸ்', அதாவது 540ஆம் படிவம். மற்றது 'றெக்கோர்ட்ஸ் ஒஃப் ஈவன்ற்ஸ்', அதாவது 541ஆம் படிவம். சில மாதங்களுக்குப் பின்னிணைப்புகள் தனிக்கோப்பாக இருக்கும்.

தேடுவதில் பலர் முதலில் செய்யும் வேலை வவுனியா என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்ப்பது. அப்படி அடித்தால் ஏர் 27இல் உங்களுக்கு வேண்டிய கோப்பு வராது. ஏனென்றால் அட்டவணையில் ஊர்ப்பெயர் இல்லை, ஸ்குவாட்ரன் எண்ணும் திகதியும் மட்டுமே இருக்கின்றன. உள்ளே நூறு இடத்தில் வவுனியா என்று எழுதியிருந்தாலும் தேடுபொறிக்கு அது தெரியாது, உள்ளிருப்பது எழுத்து அல்ல, படம். ஆகவே 'அட்வான்ஸ்ட் சேர்ச்' பக்கத்துக்குப் போய், குறிப்பு எண் பெட்டியில் ஏர் 27 என்று கொடுத்து, சொற்பெட்டியில் 'ஸ்குவாட்ரன் நம்பர்: 89' என்ற தொடரை மேற்கோள் குறிக்குள் ஆங்கிலத்தில் அடித்து, ஆண்டுக்கு 1943 முதல் 1944 வரை கொடுங்கள். மேற்கோள் குறியை விட்டால் 89 என்ற எண் எங்கெங்கே வருகிறதோ அத்தனையும் வந்து குவியும்.

கணக்குத் திறக்க மின்னஞ்சல் முகவரி போதும். முன்பு ஒரு கோப்பு 3.50 பவுண். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தோடு, உள்நுழைந்து இறக்குபவர்களுக்கு இலவசமாக்கினார்கள். ஒரு கூடையில் 10 கோப்பு, 30 நாளில் 100 கோப்பு என்ற வரம்பு உண்டு. இந்த விதி எப்போதும் மாறலாம், ஆகவே இறக்குகிற அன்று விலை இடத்தில் சுழியம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். உள்நுழையாமல் கூடையில் போட்டால் விலை காட்டும், அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிட வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 1943 ஒக்ரோபர் முதல் 1944 ஓகஸ்ட் வரை 11 மாதம், மாதத்துக்கு இரண்டாக 22 கோப்பு, மூன்று கூடை. பழைய விலையில் 77 பவுண். ஒரு கிராமத்து வாசிகசாலையால் நினைத்தும் பார்க்க முடியாத தொகை அது. ஸ்குவாட்ரனின் முழு வாழ்நாளும் வேண்டும் என்றால் 1941 செப்டெம்பரிலிருந்து 1946 ஏப்ரல் வரை 56 மாதம், 112 கோப்பு. அதற்கு 30 நாள் வரம்பைத் தாண்டி இரண்டாம் தவணைக்குக் காத்திருக்க வேண்டும்.

இணைப்பு அடிக்கடி விழும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் அதன் அளவு எம்பியில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துச் சிறியதை முதலில் இறக்குங்கள். பத்தையும் ஒரே மூச்சில் இறக்கப் போனால் நடுவில் சிக்னல் போய், பாதியில் நின்ற கோப்பு திறக்காது. திறக்காத கோப்பை அழித்துவிட்டுக் கணக்கில் உள்ள பழைய ஓடர் பக்கத்திலிருந்து மீண்டும் இறக்கலாம், புதிதாக ஓடர் போட்டு வரம்பை வீணாக்கத் தேவையில்லை. அந்த இணைப்பும் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே உயிரோடு இருக்கும். இறக்கியதும் பெயரை மாற்றிவிடுங்கள், '1943-10-540', '1943-10-541' என்று வைத்தால் வரிசை தானாக வரும். காப்பகம் கொடுக்கும் பெயர் வெறும் எண் கோவை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எது எந்த மாதம் என்று விளங்காது.

எதை முதலில் படிப்பது? 1943 ஒக்ரோபரின் 540. அதுதான் ஸ்குவாட்ரன் எகிப்துப் பக்கம் விட்டு இங்கே வந்த மாதம். 540 என்பது நாள்வாரியான சுருக்கம். இடப்பக்க ஓரத்தில் இடம், அடுத்துத் திகதி, அடுத்து நேரம், நடுவில் நிகழ்ச்சி, கடைசியில் பின்னிணைப்பு எண். ஒரு ஸ்குவாட்ரன் இடம் மாறும்போது எல்லாரும் ஒன்றாக வருவதில்லை. விமான அணிகள் பறந்து வரும். தரைப்பணியாளர்களும் உதிரிப்பாகங்களும் கப்பலிலும் ரயிலிலும் வரும். முன்னோடிக் குழு, பிரதான குழு, பின்குழு என்று தனித்தனித் திகதிகள் விழும். 'ஸ்குவாட்ரன் வந்த நாள்' என்று புத்தகங்கள் வெவ்வேறு திகதி சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒருவர் முதல் விமானம் இறங்கிய நாளைச் சொல்கிறார், இன்னொருவர் பிரதான குழு வந்த நாளைச் சொல்கிறார். வவுனியாவுக்கு வடக்கு ரயில் பாதை 1905இலேயே இருந்ததால் குழுக்களின் நகர்வை ரயிலோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த ஓரத்து 'இடம்' என்ற கட்டத்தை ஒவ்வொரு பக்கத்திலும் பாருங்கள். ஸ்குவாட்ரனின் தலைமையகம் நிற்கிற இடத்தைத்தான் அது சொல்லும். விமானங்களில் ஒரு பகுதி வேறு தளத்தில் நின்றாலும் ஓரத்தில் வவுனியா என்றே இருக்கும். 89ஆம் ஸ்குவாட்ரனைப் பொறுத்தவரை இது முக்கியம், பர்மாப் போர்முனைப் பக்கமும் அதன் பிரிவுகள் போய்வந்தன.

541 வேறு வகை. ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி. திகதி, விமான வகையும் எண்ணும், அணியின் பெயர்கள், பணி, மேலெழுந்த நேரம், இறங்கிய நேரம், விவரம். 540இல் 'இரவு ரோந்து, சம்பவம் எதுவும் இல்லை' என்று ஒரு வரியில் முடிந்தது, 541இல் நான்கு விமானம், எட்டுப் பெயர், எட்டு நேரம் என்று விரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். 540 மட்டும் இறக்கிவிட்டு 'எல்லாம் படித்தாகிவிட்டது' என்று நிற்பவர்கள் பாதி வரலாற்றை விட்டுவிடுகிறார்கள்.

நேரக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். இலங்கையின் கடிகாரம் போர்க்காலத்தில் இன்றைய கடிகாரம் அல்ல. 1942 ஜனவரியில் கிரீன்விச்சுக்கு 6 மணி முன்னால் தள்ளினார்கள், அந்த ஆண்டு செப்டெம்பரில் 6.30 ஆக்கினார்கள், 1945 ஒக்ரோபரில்தான் பழைய 5.30க்குத் திரும்பியது. ஆகவே 89ஆம் ஸ்குவாட்ரன் வவுனியாவில் நின்ற காலம் முழுவதும் உள்ளூர்க் கடிகாரம் இன்றையதை விட ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடியது. நவம்பர் நடுப்பகுதியில் வவுனியாவில் இன்றைய மணிக்கு மாலை 5.45 அளவில் பொழுது படும். அன்றைய மணிக்கு அது 6.45. 541இல் மேலெழுந்த நேரம் 18.30 என்று ஒரு வரி இருந்தால் அதை இரவுப் பறப்பு என்று எழுதிவிடாதீர்கள், சூரியன் இன்னும் மறையவில்லை. நேரத்துக்குப் பின்னால் 'இசட்' என்ற எழுத்து இருந்தால் அது கிரீன்விச் நேரம். அன்றைய உள்ளூர் மணிக்கு ஆறரையும் இன்றைய மணிக்கு ஐந்தரையும் கூட்ட வேண்டும். நிலவு உதித்த நேரத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுபவர்கள் இந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் முழுக் கணக்கும் ஒரு மணித்தியாலம் பிழைக்கும்.

சுருக்கெழுத்துகள் அடுத்த தடை. 'யூ/எஸ்' என்று ஒரு விமானத்துக்கு எதிரே இருந்தால் அமெரிக்கா என்று அர்த்தமில்லை, பழுது, பறக்க முடியாது என்று பொருள். 'என்.எஃப்.ரி.' என்பது இரவுக்கு முன்னர் பகலில் எஞ்சினையும் ராடாரையும் பார்த்துவிட்டு இறங்கும் குறுகிய சோதனைப் பறப்பு. இருபது நிமிடம், அரை மணித்தியாலம் என்று சின்ன நேரமாக வரும் வரிகள் பெரும்பாலும் இவைதான், இவற்றைச் சண்டைப் பறப்பாக எண்ணினால் எண்ணிக்கை ஊதிவிடும். 'ஏ.ஐ.' விமானத்துக்குள் இருக்கும் ராடார். 'ஜீ.சீ.ஐ.' தரையிலிருந்து விமானத்தை எதிரியின் பக்கம் வழிநடத்தும் ராடார் நிலையம். 'வெக்டர்' போக வேண்டிய திசை, 'ஏஞ்சல்ஸ் 15' என்றால் 15,000 அடி, 'போகி' அடையாளம் தெரியாத விமானம், 'பான்கேக்' இறங்கு என்ற கட்டளை. பதவிப் பெயர்களும் சுருங்கித்தான் வரும்: 'பீ/ஓ' பைலட் ஒஃபிசர், 'எஃப்/ஓ' ஃப்ளையிங் ஒஃபிசர், 'எஃப்/எல்' ஃப்ளைட் லெஃப்டினன்ட். எரிபொருள் கலனில் எழுதியிருந்தால் அது இம்பீரியல் கலன், 4.55 லீற்றர். அமெரிக்கக் கலனாக எடுத்தால் ஆறில் ஒன்று குறைந்துவிடும்.

பக்கங்களின் தரம் சீராக இல்லை. தட்டச்சின் கார்பன் பிரதிகள் பல. நாடாவில் மை குறைந்த நாளில் அடித்த பக்கம் சாம்பல் நிறத்தில் மங்கி நிற்கும். 3, 8 இரண்டும் ஒன்றாகத் தெரியும், விமான எண்ணில் இது நடந்தால் வேறொரு விமானத்தின் கதையை எழுதிவிடுவீர்கள். மங்கிய எண்ணை அதே விமானம் வரும் வேறு நாள் வரியோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். போனில் எழுத்தறியும் செயலியை ஓட்டிப் பார்க்கலாம், தெளிவான பக்கத்தில் ஓரளவு பிடிக்கும், கார்பன் பக்கத்தில் குப்பைதான் வரும். அதைவிடக் கெதியான வழி, ஒரு கொப்பியில் ஏழு நிரல் கீறி, திகதி, பக்கம், விமான எண், ஓட்டியவர், ராடார் பார்த்தவர், மேலெழுந்தது, இறங்கியது என்று கையால் எழுதுவது. ஒரு மாதம் எழுதி முடித்ததும் யார் யாரோடு சேர்ந்து பறந்தார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். இரவுச் சண்டை விமானத்தில் அந்த இருவரின் சோடிதான் எல்லாம். ஒரு சோடி திடீரென்று பிரிந்தால் காய்ச்சல், விடுமுறை, இடமாற்றம், இறப்பு என்று ஏதோ ஒன்று நடந்திருக்கும். அந்தத் திகதிக்கு 540ஐத் திருப்பிப் பாருங்கள்.

அச்செடுப்பவர்களுக்கு: 541ஐ ஏ4 தாளில் நெடுக்காக அடித்தால் எழுத்து எறும்பளவாகிவிடும். கிடையாக அடிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஏ3. 'கறுப்பு வெள்ளை' என்பதைத் தெரிவுசெய்தால் மங்கிய எழுத்து முழுக்க மறைந்துபோகும், 'கிறே ஸ்கேல்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்குவாட்ரன் வரலாற்றைத் தேடுபவரைக் குழப்பும் இன்னொரு விடயம், புகழ்பெற்ற சம்பவங்கள் அந்த ஸ்குவாட்ரனின் ஏட்டிலேயே இல்லாமல் போவது. 1943 ஜனவரி 15 இரவு கல்கத்தாவுக்கு மேலே ஃப்ளைட் சார்ஜன்ட் பிறிங் போஃபைட்டரில் நின்று நான்கு நிமிடத்துக்குள் மூன்று ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். அவர் எகிப்திலிருந்து போன 89ஆம் ஸ்குவாட்ரன் ஆள். ஆனால் கல்கத்தா போன அந்தப் பிரிவு முதல் நாள், ஜனவரி 14 அன்று, 176ஆம் ஸ்குவாட்ரன் என்று பெயர் மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே அந்த இரவுக்கு நீங்கள் இறக்க வேண்டியது 176இன் ஏடு. 1946 மே 1இலும் இதே கதை. சிங்கப்பூரில் 89 கலைந்ததும் அதே ஆட்களும் அதே மொஸ்கிற்றோக்களும் 22ஆம் ஸ்குவாட்ரன் ஆகிவிட்டார்கள். தற்செயலாக, அந்த 22ஆம் எண் ஸ்குவாட்ரனும் முன்னர் போஃபோர்ட் ரோர்பிடோ விமானங்களோடு வவுனியாவில் நின்றதுதான். 89 என்ற எண் 1955 டிசெம்பரில் மீண்டும் உயிர்பெற்று, 1958 நவம்பர் 30 அன்று 85 ஆக மாறியது. எண்ணைத் தொடர்ந்தால் ஒரு வரலாறு, ஆட்களைத் தொடர்ந்தால் வேறொரு வரலாறு. எதை எழுதப்போகிறீர்கள் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

ஏட்டில் எழுதியது எல்லாம் நடந்தது என்று எடுக்கவும் கூடாது. குறிப்பாக வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கை. 1942 ஏப்ரல் 5 கொழும்புத் தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்மலானையில் 30ஆம் ஸ்குவாட்ரனும், ஜப்பானியருக்கே தெரியாமல் போட்ட குதிரைப்பந்தயத் திடல் ஓடுபாதையில் 258ஆம் ஸ்குவாட்ரனும் ஹரிக்கேன்களோடு நின்றன. அன்று பிரிட்டிஷ் தரப்பு வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கை, ஜப்பானியர் உண்மையில் இழந்த 7 விமானத்தின் இரண்டு மடங்கைத் தாண்டியது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று பேரும் தங்கள் கணக்கில் எழுதுவார்கள், புகை கக்கிக்கொண்டு போனதை விழுந்ததாக நினைப்பார்கள். ஆகவே சொந்த இழப்புக்கு அந்த ஸ்குவாட்ரனின் ஏட்டை நம்புங்கள், எதிரியின் இழப்புக்கு எதிரியின் ஏட்டைத் தேடுங்கள்.

89இன் வவுனியா மாதங்களில் இந்தச் சிக்கல் குறைவு. 1942 ஏப்ரலுக்குப் பிறகு ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கைப் பக்கம் திரும்பி வரவில்லை. இரவுச் சண்டை விமானங்கள் காவலுக்கு நின்றன, பயிற்சி எடுத்தன, தேடொளி விளக்குகளோடு ஒத்திகை பார்த்தன. சண்டை தேடிப் படிப்பவருக்கு இந்த மாதங்கள் சலிக்கும். எங்களுக்கு இவைதான் பொன். ஒன்றும் நடக்காத நாளில்தான் எழுதுகிறவர் மழையையும் மலேரியாவையும் தண்ணீரையும் வீதியையும் பற்றி ஒரு வரி எழுதுவார். ஸ்குவாட்ரன் வந்திறங்கியது வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஒக்ரோபரில். வன்னி மண் ஒக்ரோபரிலிருந்து டிசெம்பர் வரை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த மூன்று மாத 540இலும் பறப்பு நிறுத்திய நாள்களை மட்டும் எண்ணி எடுத்தாலே ஒரு நல்ல பாடசாலைச் செயற்றிட்டம் ஆகிவிடும்.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது ஒன்றைத்தான். இந்த ஏடுகளை ஸ்குவாட்ரனின் அதிகாரி எழுதுகிறார், தன் ஆட்களுக்காக எழுதுகிறார். காடு வெட்டியவர், கல் உடைத்தவர், ஓடுபாதைக்கு மண் சுமந்தவர், முகாமுக்கு மரக்கறி கொடுத்தவர் பெயரோடு வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர்களைத் தேட ஸ்குவாட்ரன் ஏடு சரியான இடமே அல்ல. தளத்தைப் பராமரித்தது நிலையத்தின் பொறுப்பு என்பதால் ஏர் 28 நிலையப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். அந்தத் தொடர் ஏர் 27 போல இலகுவாக இறங்காது. பிரதி எடுத்து அனுப்பச் சொல்லலாம், ஆனால் எத்தனை பக்கம் என்று பார்த்துச் சொல்வதற்கே தனிக் கட்டணம் கேட்பார்கள், பிறகு பக்கத்துக்குப் பக்கம் காசு.

அதற்கு நம்மவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. லண்டனில் சொந்தக்காரர் இல்லாத வீடு வன்னியில் குறைவு. கியூ வாசிப்பறைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பெயரையும் முகவரியையும் காட்டும் இரண்டு அடையாளப் பத்திரங்களோடு போனால் வாசகர் அட்டை தருவார்கள். ஆவணத்தை முன்கூட்டியே இணையத்தில் பதிவுசெய்துவிட்டுப் போக வேண்டும், பேனை கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும். ஃப்ளாஷ் இல்லாமல் போனில் படம் எடுக்கலாம், அதற்கும் காசில்லை. மாமாவிடமோ சித்தி மகளிடமோ 'வவுனியா பற்றி என்ன இருக்கிறது என்று பார்' என்று சொல்லி அனுப்பினால் வெறுங்கையோடு வருவார்கள். குறிப்பு எண்ணை நீங்கள் இங்கிருந்தே அட்டவணையில் கண்டுபிடித்து, திகதி வரம்போடு எழுதிக் கொடுங்கள். ஏர் 28இல் ஊர்ப்பெயரால் தேடலாம். ஒவ்வொரு ஏட்டையும் எடுக்குமுன் அதன் மேலட்டையையும் குறிப்பு எண்ணையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எந்தப் பக்கம் எந்த ஏட்டினது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

இறந்தவர்களைத் தேடுவதற்குப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் தளம் இருக்கிறது, முழுக்க இலவசம். படைக்கு விமானப்படை என்றும் நாட்டுக்கு இலங்கை என்றும் திகதி வரம்பும் கொடுத்தால் பட்டியல் வரும். வவுனியாப் பக்கம் விழுந்து இறந்தவர்களுக்குத் திருகோணமலை நிலாவெளி வீதிக் கல்லறையை முதலில் பாருங்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர் இலங்கையில் இருக்காது, சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுத் தூணில் இருக்கும், ஆகவே நாட்டை இலங்கை என்று மட்டும் வைத்துத் தேடினால் கடலில் விழுந்தவர்கள் விடுபட்டுப் போவார்கள். ஏர் 27இல் 'திரும்பி வரவில்லை' என்று முடிகிற வரியை இந்தத் தளத்தோடு சேர்த்தால் முழுப்பெயரும், சில வேளை வயதும் பெற்றோர் பெயரும் கிடைக்கும்.

89ஐ முடித்தவர்கள் அங்கேயே நிற்க வேண்டாம். வவுனியாவில் நின்றவை என்று 22, 217 ஆகிய ரோர்பிடோ ஸ்குவாட்ரன்களையும், 1945 தொடக்கத்தில் ஸ்பிட்ஃபயர்களோடு வந்த, பம்பாய் நகரின் பெயர் தாங்கிய 132ஆம் ஸ்குவாட்ரனையும் இதே முறையில் எடுக்கலாம். 217க்கும் 89க்கும் ஒரே நாளின் 540ஐப் பக்கத்தில் வைத்தால் ஒருவர் எழுதாததை மற்றவர் எழுதியிருப்பார்.

எடுத்ததைப் பயன்படுத்தும்போது குறிப்பு எண்ணை முழுதாக எழுதுங்கள், ஏர் 27, சாய்கோடு, துண்டு எண், சாய்கோடு, உருப்படி எண் என்று. படிவ எண்ணும் திகதியும் சேர்ந்தால் இன்னொருவர் அதே பக்கத்தைத் தேடி எடுக்கலாம். தகவலை உங்கள் சொல்லில் எழுதத் தடையில்லை. பக்கத்தின் படத்தை மலரிலோ புத்தகத்திலோ அப்படியே அச்சிடுவதென்றால் காப்பகத்தின் படப்பிரிவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். தளத்தை நேரில் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: அது இன்று இலங்கை விமானப்படை முகாம். வேலிக்கு வெளியே வீதியில் நின்றும் படம் எடுக்க முயல வேண்டாம்.